தூங்காத வீட்டில் செய்யுள் படித்தோம்

குக்கரில் விசில் வரப்போகிறது என்பது எதிர் வீட்டு அத்தைக்கு எப்படித்தான் தெரியுமோ. ஆவி முணுமுணுக்கத் தொடங்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவார். கொஞ்சம் அடங்கியதும் பற்றவைப்பார், மறுபடி அணைப்பார். விசில் ஒன்றுகூட வராமலே சோறு வெந்து இறங்கிவிடும். பக்கத்து அறையில் மாமா ஜன்னலுக்குப் போர்வை கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். சுரங்கத்தில் அவருக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் வளர்ந்த பிள்ளைகள் பேசக் கற்றதும் அடுத்ததாகக் கற்றது மெதுவாகப் பேச. காலிங்பெல்லை அமுக்கினால் அடி விழும், கதவை விரல் நுனியால்தான் தட்ட வேண்டும்.

அத்தை என்றால் உறவு இல்லை. நாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். மாமாவுக்கு மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம். அத்தை பிறந்தது பண்ருட்டியில், முந்திரி உடைக்கிற குடும்பத்தில். வட்டமாக உட்கார்ந்து கொட்டையை உடைத்துக்கொண்டே, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை எழுப்பி ஊர்க்கதை பேசுகிற பெண்களுக்கு நடுவே வளர்ந்தவர். கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குரலை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார் என்று என் அம்மா சொல்வார். அத்தையின் மகள் என் வகுப்பில் படித்தாள். ப்ளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்சு.

தமிழ்ப் பாடத்தில் மனப்பாடச் செய்யுள் என்று ஒன்று உண்டு. அதை வாய்விட்டுக் கத்தாமல் மனதில் ஏற்றிக்கொள்ளும் வித்தை எங்கள் இருவருக்குமே தெரியாது. அதனால் எந்த வீட்டில் அப்பா பகலில் தூங்கவில்லையோ அந்த வீட்டில்தான் படிப்பு. மாமாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் எங்கள் வீடு, என் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் அத்தை வீட்டுச் சமையலறை. இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்துவிட்டால் பூங்காவில் போய்க் கத்துவோம். பிளாக்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடுதான். யார் யாருக்கு என்ன ஷிப்ட் என்பதைச் செய்யுளைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தோம்.

அந்த வருஷம் எங்களுக்குப் பழைய அகப்பாடல்கள் வந்தன. தலைவன், தலைவி, தோழி என்று யாருக்கும் பெயர் இருக்காது. தலைவன் பொருள் தேடப் போய்விடுவான், தலைவி தூக்கம் இல்லாமல் கிடப்பாள். தமிழ் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்தார். "தலைவன் ராத்திரியில் ஏன் வீட்டில் இல்லை?" என்று கேட்டபோது பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "நைட் ஷிப்ட் ஐயா" என்றான். ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். வகுப்பில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. அது எங்களுக்கு நியாயமான பதிலாகத்தான் பட்டது.

இந்தப் பாடல்களில் ஒரு வழக்கம் உண்டு. போகாதே என்று தலைவி வாயைத் திறந்து சொல்லமாட்டாள். அவள் முகம் வாடுவதைப் பார்த்துத் தோழிதான் தலைவனிடம் போய்ச் சொல்வாள். சில பாட்டுகளில் அவனும் மனம் மாறிப் பயணத்தைக் கைவிட்டுவிடுவான். அத்தை மகளுக்கு இது ரொம்பவே பிடித்துப்போயிற்று. நாங்கள் சமையலறையில் பொருள் சொல்லிச் சொல்லிப் படிக்க, அத்தை கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "எல்லாப் பாட்டுலயும் அந்தப் பொண்ணு அழுதுகினேதான் இருக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். மறுபடி கீரைக்குத் திரும்பிவிட்டார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயத்தில் மாமாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வடக்கே வேறொரு மாநிலத்துச் சுரங்கத்துக்கு மூன்று வருஷம் போய்வந்தால் பிரமோஷன். குடும்பம் இங்கேயே குவார்ட்டர்ஸில் இருந்துகொள்ளலாம். விருப்பம் இருந்தால் பெயர் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மாமா வீட்டில் வந்து சொன்னார். அத்தை "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைப் பார்த்தபடி நின்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாரையும் நேராகப் பார்க்காமல் குனிந்துகொண்டே வேலை செய்தார்.

முகத்தைப் படிக்கத்தான் எங்களுக்குப் பாடமே நடந்திருக்கிறதே. "அம்மா பேசாம இருக்கறதுதான்டி பதில்" என்றாள் மகள். எனக்கும் அது கல்லில் எழுதியது போலத் தெளிவாகத் தெரிந்தது. ஷிப்டுக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் போய் அவள் நின்றாள். "அம்மா மொகத்தப் பாத்தீங்களாப்பா? வாயத் தொறந்து சொல்லாது. நீங்க போவாதீங்க" என்றாள். மாமா சிரித்தார். அப்புறம் ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ் போய்விட்டது, அன்றைக்கு சைக்கிளில்தான் போனார். மறுநாள் பெயர் கொடுக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் மாமாவுக்கு நைட் ஷிப்ட். அம்மா கொடுத்தனுப்பிய குழம்போடு நான் பகலில் போனேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அத்தை குழம்பை வாங்கி வைத்துவிட்டு என் காதருகே வந்து, "அந்தப் பாட்டுல, போயிட்டு வாய்யான்னு சொல்ற பொண்ணு ஒருத்திகூடவாடி இல்ல?" என்று கிசுகிசுத்தார். எனக்குப் புரியவில்லை. "மூணு வருஷம்டி. வூட்ல பகல்ல சத்தமாப் பேசிகினு, ரேடியோ வெச்சிகினு, வாய்விட்டுச் சிரிச்சிகினு இருந்திருப்பேன். மொகத்துல சந்தோசம் தெரிஞ்சிடப் போவுதுன்னுதான் குனிஞ்சிகினே இருந்தேன்."

"அப்ப மாமா கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன்.

"புருஷனப் போன்னு சொன்ன பொம்பளன்னு ஊரு பேசும். அவரும் தப்பா நெனச்சிக்குவாரு. நல்ல மனுஷன்டி அவரு." பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டைக் கெடுத்துவிட்டாரே என்று. இருந்தாலும் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். வாடுகிற தலைவி, ஏங்குகிற தலைவி, இளைக்கிற தலைவி எல்லாரும் இருந்தார்கள். கணவன் மேல் ஒரு குறையும் இல்லாமல், கொஞ்ச காலம் அவன் வெளியூரில் இருந்தால் தேவலை என்று நினைக்கிற தலைவி எங்கள் பாடப்பகுதியில் இல்லை. பரீட்சையில் தலைவியின் துயரம் பற்றி நெடுவினா வந்தது. கேட்டதை எழுதி நல்ல மார்க்கே வாங்கினேன்.

மாமாவுக்குப் பதிலாக வடக்கே போனவர் பிரமோஷனோடு திரும்பி வந்தார். மாமா ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டியில் வீடு கட்டிக்கொண்டார்கள். மகள் இப்போது தமிழாசிரியை. நான் சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறேன். அவள் வகுப்பில் இந்தப் பாடல்கள் வரும்போதெல்லாம் ஒரு செய்யுள் தன் அப்பாவை ஊரிலேயே நிறுத்தி வைத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வாளாம். போன மாதம் பண்ருட்டிக்குப் போயிருந்தபோது எனக்கும் சொன்னாள். நான் அத்தையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. பெரிய இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்ததாலோ, வயசாலோ. டிவி அலறுகிறது, எது சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மகள் கதையை முடித்ததும், மாமாவுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்த அத்தை முழுக்குரலில் சொன்னார். "உன்ன யாருடி அவரத் தடுக்கச் சொன்னது? எப்படா கெளம்புவாருன்னு காத்துகினு இருந்தேன் நானு!"

மகளின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு முன்பே தெரியும் என்பதை என் முகத்தில் படித்திருக்க வேண்டும்.

"இன்னா சொல்றா?" என்றார் மாமா.

அத்தை அவர் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "காபி ஆறுதுன்னு சொன்னேன்!" என்றார். மாமா தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்தார். அத்தை சிரிக்க ஆரம்பித்தார், மகளும் சேர்ந்துகொள்ளும்வரை நிறுத்தவே இல்லை. அத்தனை வருஷம் எதிர் வீட்டில் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.