வண்டிக்கு அடியில் வெர்லின்

சேற்றின் மேல் அட்டையை விரிப்பார். அந்தச் சேறும் அவர் செய்ததுதான். அதைப் பிறகு சொல்கிறேன். எப்போதோ வாங்கிய குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி வந்த பழுப்பு அட்டை அது. பெட்டி பழுதாகி வீட்டை விட்டுப் போய்விட்டது, அட்டை போகவில்லை. அதன் மூலைகளைக் காலால் நீவிவிட்டு, மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெர்லின் ஹாகன் தம் சக்கர வீடான டிரெய்லரின் பின்புறமாக மல்லாந்து உள்ளே நகர்வார். சற்று நேரத்தில் இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரியும். அப்புறம் குரல்தான்.

"இதை வரைஞ்ச ஆளு ஒரு நாளாவது மல்லாந்து படுத்திருக்கணும், மார்லிஸ்."

அக்டோபர் பாதியானால் வில்லோ ஏரிக்கரை முகாமில் எல்லோருக்கும் வண்டிக் குழாய்களை வடிக்கும் இந்த வேலை உண்டு. குழாயில் ஒரு மடக்குத் தண்ணீர் தங்கினாலும் மினசோட்டாக் குளிர் அதை உறைய வைத்துக் குழாயை வெடிக்க விட்டுவிடும். மற்றவர்கள் வண்டியோரம் குனிந்து ஒரு திருகு திருகிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். வெர்லினுடைய வண்டியில் வெந்நீர்க் குழாய்க்கும் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கும் நீரை வடித்துவிட உள்ள வடிவாய்கள் இரண்டும் சக்கர அச்சுக்குப் பின்னால், வண்டியின் தொப்புள் போல நட்டநடுவில் இருக்கின்றன. வாசல் பக்கம் போனால் மடக்குப்படி மறிக்கும். எதிர்ப்பக்கம் கழிவுக்குழாய். பின்னாலிருந்து போனால் மூடி சரியாக மூக்குக்கு மேலே வரும். கையைத் தூக்கித் திருகினால் தண்ணீர் முழங்கை வழியாக அக்குள் வரை வரும், மிச்சம் கழுத்துக்குள் இறங்கும்.

இதில் பெரிய தண்ணீர்த் தொட்டியின் வடிவாய் வேறு, அவர் படுக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அதைத் திறந்தால் தரை சேறாகிவிடும். சரி, அதைக் கடைசியில் திறந்தால் ஆயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லித்தான் பாருங்களேன். "தொட்டி முதல்ல. அதான் முறை" என்பார். யார் வைத்த முறை என்று கேட்டால் ஏரியைப் பார்ப்பார்.

வெர்லின் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் உட்காரத் தாம் நின்றவர். "ஒருத்தர் கழுத்துக்குள்ளயும் ஒரு சொட்டு விட்டதில்ல நான். எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கான் பாரு" என்று ஒவ்வோர் ஆண்டும் நொந்துகொள்வார். வந்து வாய்த்தவன், இந்த வண்டியை வரைபடத்தில் வரைந்த ஆள்தான். கெட்ட வார்த்தை வெர்லினுக்கு வராது. அதற்குப் பதிலாக அந்த முகம் தெரியாதவனுக்கு ஒரு வாழ்க்கையே ஜோடித்து வைத்திருக்கிறார். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. காலுறையை அவன் அம்மாதான் துவைக்கிறாள். கடுங்கோபம் வந்தால் மட்டும், "அவன் இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்பார். அதைக் கேட்டால் மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார்.

மார்லிஸுக்கும் இதில் பங்கு உண்டு. மூடி கழன்றதும் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். உள்ளே சமையலறைக் குழாயைத் திறந்து காற்றை விட்டால்தான் மொத்தமாகக் கொட்டும். வெர்லின் தலையை ஒதுக்கிக்கொண்டு "இப்போ!" என்று கத்துவார், மார்லிஸ் திறக்க வேண்டும். சில ஆண்டுகளில் "இப்" என்பதற்கு முன்பே அவர் கை தானாகத் திறந்துவிடுவதுண்டு. வயசாகிவிட்டது, காது சரியில்லை என்று சமாளித்துவிடுவார். காது பாம்புக் காது.

இந்தக் கூத்துக்கு ஒரே ரசிகர் எதிர் வண்டி டுவேன். மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு உட்காருவார். "நான் வேணா படுக்கட்டுமா?" என்று கேட்கவும் கேட்பார். இங்கே எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். காபியானாலும் சரி, கைம்மாற்று ஏணியானாலும் சரி, முதல் 'வேண்டாம்' வெறும் பேச்சு, இரண்டாவது மரியாதை. மூன்றாவதுதான் நிஜமான பதில். தட்டில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை; அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, கடைசியில் எறும்புக்கு விடுவார்கள். வெர்லின் காபிக்கு மூன்றாவது தடவை இறங்கிவருவார். குழாய் விஷயத்தில் மட்டும் மூன்றாவதும் வேண்டாம்தான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுப்பது அநாகரிகம்.

இந்த வசந்தத்தில் வெர்லினுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். தரையில் படுத்துத் தவழக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அதை வெர்லின் வெறும் ஆலோசனை என்று எடுத்துக்கொண்டார். மார்லிஸ் ஹார்டுவேர் கடைக்குப் போய், சிவப்பு எழுத்தில் 'விற்பனைக்கு' என்றிருந்த பலகை ஒன்றை வாங்கிவந்து கரண்டி இழுப்பறையில் போட்டார்.

"நீ அடியில போன அன்னைக்கு இது ஜன்னல்ல ஏறும், வெர்லின்."

"சும்மா சொல்ற."

"போய்த்தான் பாரேன்."

சொல்லிவிட்டாரே தவிர, வண்டியை விற்க மார்லிஸுக்கு மனசே இல்லை. கோடை முழுக்க இந்த ஏரிதான் அவருக்கு உயிர். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியே உட்கார்ந்திருந்த அந்தக் காலைப்பொழுதை இன்னொரு முறை அவரால் தாங்க முடியாது. சொன்ன சொல்லை மீறவும் தெரியாது. இப்படித் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டுவிட்டோமே என்றிருந்தது.

அக்டோபரும் பாதியானது. அன்று இரவு உறைபனி என்று வானொலி சொல்லிவிட்டது. டுவேன் முந்தின நாள் ஒரு தடவை கேட்டிருந்தார், காலையில் ஒரு தடவை. இரண்டுக்கும் 'வேண்டாம்'. மத்தியானம் மார்லிஸ் பூசணிக்காய் கேக்கைத் துண்டுபோட்டு டுவேனின் நாற்காலியருகே கொண்டுபோய் வைத்துவிட்டு, "மூணாவது தடவையும் கேட்டுத் தொலையேன்" என்று கிசுகிசுத்தார்.

"கேட்டு, அவன் வேணாம்னுட்டா? அப்புறம் நான் வாயைத் திறக்க முடியாது. கையில இருக்கற கடைசிச் சீட்டு மார்லிஸ் இது. அவசரப்படுத்தாதே."

வெர்லின் அன்று ஒரு கருவியோடு வந்தார். துடைப்பக் கட்டை, அதன் நுனியில் திருகுசாவி, சுற்றிலும் ஒரு சுருள் டேப். வழக்கம்போலத் தொட்டி முதலில், அது கைக்கெட்டும். தரை சேறானது. பிறகு குனிந்தும் குனியாமலும் கட்டையை அடியில் விட்டுத் துழாவினார். மூடியைத் தவிர எல்லாவற்றையும் அது தொட்டது. கடைசியில் திருகுசாவி மட்டும் அச்சின் மேல் தங்கிவிட, வெறுங்கட்டை வெளியே வந்தது.

வெர்லின் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். டுவேன் கேக்கைத் தின்றார்.

"காத்து குளிரா இருக்கு, இல்ல?" என்றார் வெர்லின்.

"இருக்கு."

"ராத்திரி இன்னும் இறங்குமாம்."

"இறங்கும்னுதான் சொன்னாங்க."

"உனக்கு வேற வேலை இருக்குமோ என்னமோ."

"பெருசா இல்ல."

ஜன்னலுக்குப் பின்னால் மார்லிஸ் பல்லைக் கடித்தார். கேளேன் ஐயா! இரண்டு ஆண்பிள்ளைகளும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரி என்ன பதில் சொல்லும்?

வெயில் பைன் மரங்களுக்குப் பின்னே இறங்கியது. வெர்லின் அட்டையைச் சேற்றின் மேல் விரித்தார். மூலைகளை நீவினார். மழைக்கோட்டைப் பூட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தம் பையிலேயே போட்டுக்கொண்டார். மார்லிஸ் இழுப்பறையைத் திறந்து பலகையை எடுத்தார். அதை ஜன்னல் கண்ணாடிக்கு இப்பால் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். வெர்லின் நிமிர்ந்து பார்த்தார். மிரட்டுகிற முகம் இல்லை அது. அழப்போகிற முகம்.

வெர்லின் அட்டையை விட்டு விலகி வந்தார். பிறகு மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை ஓர் உதறு உதறி, டுவேனின் நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் தோளைச் சுற்றிப் போர்த்திக் காலரைக் கழுத்தோடு செருகினார். கடையில் அத்தனை வருஷமும் செய்த அதே கைவாகு.

"நல்ல சட்டையா போட்டிருக்க. நனைஞ்சா வீணாப்போகும்" என்றார்.

டுவேன் வாயிலிருந்த கேக்கை விழுங்கினார். "நான் வேணா படுக்கட்டுமா, வெர்லின்?"

"உனக்குச் சிரமம் இல்லேன்னா."

அந்த ஊரில் இதைவிடப் பெரிய 'ஆமாம்' கிடையாது. மார்லிஸ் பலகையைக் கரண்டிகளுக்கு அடியில் தள்ளி இழுப்பறையை மூடினார்.

டுவேன் முனகிக்கொண்டே அட்டையில் நகர்ந்தார். "இங்க ஏன்யா இவ்வளவு சேறு?"

"தொட்டி முதல்ல. அதான் முறை."

"மூடி எங்க? ஆ, மூக்குக்கு மேலயே இருக்கு. இரு, திருகறேன். நான் சொன்னதும் மார்லிஸைத் திறக்கச் சொல்லு."

வெர்லின் ஜன்னலைப் பார்த்தார். உதட்டில் ஒரு விரலை வைத்து, மறு கையால் காற்றில் ஒரு குழாயைத் திருகிக் காட்டினார். மார்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இத்தனை வருஷமும் இந்த மனுஷனுக்குத் தெரியுமா? சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வர, அவர் குழாயை ஒரே திருகில் திறந்தார்.

அடியிலிருந்து ஓர் அலறல் வந்தது. தொடர்ந்து, தொண்டைக்குள் தண்ணீர் போன குரலில், "யாருய்யா இதை வரைஞ்சவன்!"

வெர்லினின் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

அப்புறம் டுவேனின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, ஒரு தடவைகூட. வெர்லின் அதை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.