தெருக்கோடிச் சுவர்

கோவளத்தில் எங்கள் தெரு ஒரு குறுக்குவழியாக இருந்தது. ஒரு கோடியில் காலி மனை, அதைத் தாண்டினால் மீனவர் குப்பம். மறுகோடியில் பஸ் நிறுத்தம். விடிந்ததும் மீன்கூடைகளோடு பெண்கள் போக ஆரம்பிப்பார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகள், தொழுகைக்குப் போகிறவர்கள் என்று தெரு ஓயவே ஓயாது.

ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஜென்மத்தில் மீனைத் தொட்டதில்லை. ஆனால் அன்று வலையில் என்ன விழுந்தது என்று விசாரிக்காமல் ஒரு கூடையையும் விடமாட்டார்.

"வாத்தியாரய்யா, இன்னிக்கு சங்கரா கீது, ரெண்டு தரட்டா?" என்று ஒரு அம்மா தினமும் சீண்டுவார். அப்பா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர் கோலத்தைக் கெடுத்தது, நாறியது. காலி மனைக்காரரும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருந்தார். அங்கே சுவர் எழுப்பி வழியை அடைத்துவிடலாம் என்று கூட்டத்தில் முதலில் சொன்னவன் நான்தான்.

பத்தே நாளில் சுவர் எழும்பியது. தெரு சுத்தமானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் வாசலில் உட்காருவதை விட்டுவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை நானும் மனைவியும் செங்கல்பட்டுக்கு வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த அப்பா வாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். தலையில் அடி. தெருவில் ஈ காக்கை இல்லை. மதியம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்தான் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

சுவர் இல்லாதிருந்தால் அவர் கீழே கிடந்த முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது தூக்கியிருப்பார்கள். இதை வேறு எப்படியும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அந்த மீன்கார அம்மா சாலையைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் நடந்து வந்தார். அப்பாவின் படத்தின் முன் வாய்விட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"செவுரு எதுக்கு சார் வெச்சீங்க?"

"மீன் தண்ணி சொட்டுதுன்னு..."

"அத்த எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா, கூடைக்கு அடியில கவர் போட்டு எடுத்துனு போயிருப்போமே சார்."

நான்கு வருடம் தினமும் என் வாசலைக் கடந்து போனவர். அவரோடு நான் பேசியது அன்றுதான்.