அக்கா சொன்ன ‘வாங்க’

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவன். நான் சொல்லச் சொல்ல, அக்காவின் மகள் எழுதிக் கொடுத்தாள்.

அக்கா பிறந்தது ஸ்ரீரங்கத்தில். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா தவறிவிட்டார். என்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவர் அக்காதான். கல்யாணமாகிக் கைலாசபுரம் போனபோது என்னையும் அழைத்துப் போனார். தொழிற்சாலையில் வேலை பார்த்த அத்தான் சிறு வயதிலேயே காலமானார். அக்கா ஸ்ரீரங்கம் திரும்பி, இட்லிக் கடை போட்டு, மகளைப் படிக்க வைத்தார். எனக்கு இஸ்திரி வண்டி வந்ததும் அந்த இட்லியால்தான்.

எனக்குக் கூச்சம் அதிகம். வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே போய்விடுவேன். எனக்கும் சேர்த்து அக்காதான் ‘வாங்க’ சொல்வார். ஆள் தெருமுனை திரும்பும்போதே அவர் குரல் கேட்கும்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கண்புரை வந்து புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தபின் பார்வை நன்றாக இருந்தது. பிறகு மகளின் கல்யாணம் வந்தது. மண்டப வாசலில் பெண்கள் சந்தனத் தட்டோடு நின்றார்கள்; பக்கத்தில் நின்று எல்லாரையும் வரவேற்றவர் அக்கா. ஆனால் தென்னூரில் இருக்கும் எங்கள் தாய்மாமா சாப்பிடாமலே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் தாம்பூலப் பையோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

“நேரா என் மூஞ்சியத்தான் பார்த்தா. வாங்கன்னு ஒரு வார்த்தை வரலை. இலை போட்டிருக்குன்னு நானா போய் உட்காரணுமாப்பா?” என்றார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். “மாமா வரவே இல்லையேடா தம்பி. தாலி கட்டுற வரைக்கும் எதிர்பார்த்தேன்.”

“வந்தாரேக்கா. உன் எதிர்லதான் நின்னாராம்.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இட்லிப் பானையைத் திறந்தா ஆவி அடிக்குமே, அது விலகாமலே நிக்கிற மாதிரி இருக்குடா. குரல் குடுத்தவங்களை மட்டும்தான் கண்டுபிடிச்சேன். மாமா பேசாம நின்னிருக்காரு. சர்க்கரை கண்ணைத் தின்னுடுச்சு, இனிமே பார்வை வராது. கல்யாண நேரத்துல அதைச் சொல்லி யாரைக் கலங்கடிக்கிறது?”

மறுபடியும் புத்தூருக்கே அழைத்துப் போனேன். “புரை திரும்ப வளரலைம்மா. உள்ள வெச்ச லென்ஸுக்குப் பின்னால இருக்கிற சவ்வு மங்கியிருக்கு. லேசரால நடுவுல வழி விட்டுடலாம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதால முதல்ல விழித்திரையைப் பார்த்துடறேன்” என்றார் டாக்டரம்மா. அவர் பார்த்து முடிக்கும்வரை அக்கா என் கையை விடவில்லை. விழித்திரை கெடவில்லை என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

“கத்தி வைப்பீங்களா?”

“இல்லைம்மா. இந்த மெஷின்ல முகவாயை வெச்சு ஆடாம இருங்க, அது போதும்.”

“இட்லிக்காரி வாயை ஆட்டாம இருக்கணுமா? அதுக்குக் கத்தியே தேவலை.”

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். சிறிது நேரத்தில் முடிந்தது. கண்ணுக்குள் கொசு பறப்பதுபோல் சில நாள் தெரியும், பிறகு குறைந்துவிடும் என்றார். அப்படியே ஆயிற்று. பார்வை தெளிந்ததும் அக்கா கேட்டது தென்னூர் பஸ்ஸைத்தான்.

மாமா கதவைத் திறந்தார். அவர் வாய் திறக்குமுன் அக்கா, “வாங்க மாமா” என்றார்.

“என் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு என்னையே வாங்கங்கிறியா?”

“அன்னிக்குச் சொல்ல வேண்டியது மாமா. இன்னிக்குத்தான் உங்க முகம் தெரியுது.”

நடந்ததைக் கேட்டதும் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று எங்களுக்கு இலை போட்டவர் அவர்தான்.

பிறகு சிறுநீரகம் பழுதாகி அக்கா படுக்கையில் விழுந்தார். கடைசி நாட்களில் குரல் எழும்பவில்லை. ஆனாலும் அறைக்குள் வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, உதடு ‘வாங்க’ என்று அசையும்.

கண்ணைத் தெளிய வைத்த டாக்டரம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தள்ளாத வயதிலும் தினமும் வந்து உட்கார்ந்திருந்த மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இன்று சாப்பாட்டுப் பந்தி வாசலில் நிற்கப்போவது நான். கூச்சத்தில் வாய் வராமல் யாரையாவது விட்டுவிட்டால் சாப்பிடாமல் போய்விடாதீர்கள். அக்காவுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்க.