பஸ் கழுவுகிற அத்தைக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

என் அத்தை பத்தொன்பது வருடமாக பஸ் கழுவுகிறார். டிப்போவில் அவருக்குப் 'புகைச்சல் அக்கா' என்று பெயர். விடிகாலையில் டிரைவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து, அரைமணி நேரம் உறுமவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஷெட்டுக்குள் புகை மண்டும். அத்தை வண்டி வண்டியாகப் போய்ச் சத்தம் போடுவார். அப்படி வந்த பெயர் அது.

தொழில்கள் எல்லாம் படுத்துவிட்ட இரண்டு வருடம் பாதி பஸ்கள் தார்ப்பாய்க்குள் தூங்கின. அத்தைக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. வீட்டில் கையைக் கடித்தது. ஆனால் பல வருடமாக விடாமல் துரத்திய இருமல் அவரை விட்டுப் போயிருந்தது.

"வேலை குறைஞ்சதுக்கு அழறதா, மூச்சு வந்ததுக்குச் சிரிக்கிறதான்னு தெரியலடா" என்றார் என்னிடம்.

பிறகு நிலைமை தலையெடுத்தது. மீட்புக்காக அரசு தந்த நிதியில் நூற்றிருபது புது டீசல் பஸ் வாங்கப் போவதாகப் போக்குவரத்துக் கழகம் அறிவித்தது. பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று டிப்போ வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அத்தை அதை இரண்டு தரம் படித்துவிட்டு, டீசலுக்குப் பதிலாக மின்சார பஸ் வாங்கச் சொல்லப் போவதாக, பேசப் போகிறவர் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொண்டார்.

டிப்போவே கொந்தளித்தது. "இப்பத்தான் முழு வேலை கிடைச்சிருக்கு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?" என்று கூடக் கழுவுகிறவர்களே சண்டைக்கு வந்தார்கள். தலைமை மெக்கானிக்குக்கு வேறு கவலை.

"டீசல் இன்ஜினே போயிடுச்சுன்னா நான் எதைம்மா கழட்டி மாட்டுறது?"

"அதையும் சேர்த்தே கேப்போம் அண்ணே. உங்களுக்குப் புது வண்டியைச் சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் வாங்கட்டும்."

அவர் முனகிக்கொண்டே போய்விட்டார். எட்டாம் நாள் ஒரு சீட்டோடு வந்தார். காலையில் சும்மா நிற்கும் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று அளந்து எழுதியிருந்தார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வைத்து நான்தான் மனுவை எழுதிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். அத்தை மைக்கைப் பிடித்ததும் மனுவின் முதல் வரியிலேயே தடுமாறினார். கூட்டத்தை நடத்திய கழகத் தலைவர் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் கழுவுறேம்மா."

"அதையே சொல்லுங்க."

அத்தை மனுவை மடித்துவிட்டார். "பஸ் வேண்டாம்னு சொல்லலம்மா. வேலை இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா இப்ப வாங்குற வண்டி பதினஞ்சு வருஷம் ஓடும். அவசரத்துல வாங்குற புகையை அத்தனை வருஷமும் நாங்க குடிக்கணும், ஊரும் குடிக்கணும். எப்படியும் புதுசா எழுந்திரிக்கப் போறோம், சுத்தமாவே எழுந்திரிப்போமே."

மணி அடித்தது. அத்தை மனுவைத் தலைவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் மெக்கானிக்.

நான்கு மாதம் சத்தமே இல்லை. பிறகு ஆணை வந்தது. நூற்றிருபதில் ஐம்பது பஸ் மின்சாரத்தில் ஓடும். மெக்கானிக்குகளுக்கு முதலிலேயே பயிற்சி. டீசல் வண்டிகளை ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா உறுமவிடக்கூடாது. மற்ற எழுபது டீசல்தான். "பாதிகூட தேறலையே" என்று நான் முகம் சுளித்தேன்.

"போடா. என் பேச்சைக் காது குடுத்துக் கேட்டிருக்காங்க. வீட்டுலயே அது நடக்காது!"

அன்று சாயங்காலமே என்னை உட்காரவைத்து நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார். தலைவர் அம்மாவுக்கு, சீட்டு எழுதிய மெக்கானிக்குக்கு, இப்போது முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினை அணைக்கும் டிரைவர்களுக்கு, சண்டை போட்டாலும் கூட்டத்தன்று அத்தையின் பங்கு வண்டிகளையும் கழுவி வைத்த தோழிகளுக்கு. யாரையும் விடவில்லை.

கழகத்தில் குறை சொல்லும் கடிதம்தான் கட்டுக்கட்டாக வருமாம். தனக்கு வந்த இந்த நன்றிக் கடிதத்தைத் தலைவர் அம்மா தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

கடைசி வரியையும் படித்துவிட்டுத்தான் ஒட்டியிருப்பார். அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதிய வரி அது: 'மீதி எழுபதுக்கும் எப்போது வந்து பேசவேண்டும் என்று தேதி சொல்லுங்கள் அம்மா, லீவு போட வசதியாக இருக்கும்.'