பூக்கொடி போட்ட விண்ணப்பம்

பள்ளிப் படிப்பை முடித்ததும் போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு மனுப்போட்டேன். விவரங்களை நான் எழுதினேன். துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதும் அப்பா, என் பெயரை வளைத்து நெளித்துப் பெரிதாக எழுதி, தாளைச் சுற்றிச் சிவப்பு மையில் பூவும் கொடியுமாக வரைந்தார்.

மறுநாள் இருவருமாகப் போய்க் கொடுத்தோம். குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யே க்யா, ஷாதி கா கார்ட்?" என்று, இதென்ன கல்யாணப் பத்திரிகையா என இந்தியில் கேட்டு, பக்கத்து மேஜைக்குத் தூக்கிக் காட்டினார். அறையே சிரித்தது. பெயர் எது, பூ எது என்று தெரியவில்லை, என்ன படித்திருக்கிறாய் என்று எங்கே தேடுவது என்று இந்தியிலேயே கேட்டார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அதைவிட, பின்னால் நின்ற அப்பா "ஹாங் சாப்" என்று ஆமாம் போட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. வரைந்தது யாரென்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, பெயர், வயது, படிப்பு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கேயே எழுதினேன். குமாஸ்தா ஒரே பார்வையில் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அப்பா, "என்னால உனக்கு அவமானமாப் போச்சும்மா" என்றார்.

"அதெல்லாம் இல்லப்பா."

வேலை கிடைத்தது. ஆனால் அதன்பிறகு வீட்டில் எதை எழுத வேண்டியிருந்தாலும் அப்பா பேனாவை என்னிடமே நீட்டிவிடுவார். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும்.