என் தாத்தா ஓடிப்போகவில்லை

மாசி சிவராத்திரிக்கு எங்கள் குலதெய்வக் கோயிலில் பெட்டி தூக்குவார்கள். சாமியின் துணிமணி, அரிவாள், வெள்ளிக் கண்மலர் எல்லாம் இருக்கும் மரப்பெட்டி. எங்கள் ஊரான சிலமலையிலிருந்து கோயில் வரை அதைத் தலையில் சுமக்கும் உரிமை மூத்தவர் வழி வந்த ஆண்பிள்ளைக்குத்தான். மூத்தவர் என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர். ஆனால் பெட்டி என் அப்பாவின் தலைக்கு வந்ததே இல்லை. தாத்தாவின் தம்பி தூக்கினார். அவருக்குப் பிறகு அவர் மகன் தூக்கினார். அவர் எனக்குச் சித்தப்பா முறை.

ஊரில் அதற்கு ஒரு கதை இருந்தது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்த தாத்தா, பர்மா சண்டைக்குப் பயந்து ஓடிவந்துவிட்டார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தினார் என்று. அப்பத்தா அதை நம்பினாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று கழுத்தில் தாலியோடு, அவனைத் திட்டிக்கொண்டே செத்தாள். அப்பாவும் நம்பினார். பெற்றவரின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிவராத்திரியில் சித்தப்பாவுக்குத் தோள்பட்டை வலி. தடுமாறியவரைத் தாங்கப் போன என் தம்பி பெட்டியில் கைவைத்தான். சித்தப்பா அத்தனை பங்காளிகள் முன்னாலும் கத்தினார்.

"கைய எடுறா! ஓடிப்போனவன் வம்சம் தொட்டா பெட்டி தீட்டுடா."

தம்பி கையை எடுத்தான். அப்பா அப்போதே பஸ் ஏறினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாசத்தாலோ பெருமையாலோ நான் தாத்தாவைத் தேட ஆரம்பிக்கவில்லை. சித்தப்பாவின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ஆளத் தேடிக் கண்டுபிடிச்சு என்ன செய்யப் போற, ஆத்தா? ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்றார்.

போரில் இறந்த சிப்பாய்களின் பெயர்களை இப்போது கம்ப்யூட்டரிலேயே தேடலாம். ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று யோசித்து, தாத்தாவின் பெயரை உடைத்தும் சேர்த்தும் தட்டிப் பார்த்தேன். பல வாரம் ஒன்றும் அகப்படவில்லை. ஒருநாள் ஊர்ப் பெயரை வைத்துத் தேடினேன். மதுரை ஜில்லா, சிலமலை. கீழே, இன்னாரின் மகன், இன்னாரின் கணவன். அந்த இரண்டாவது இன்னார் என் அப்பத்தா. இம்பாலில் ஒரு போர்க் கல்லறையில் அவர் பெயர் இருந்தது.

அவருடைய பட்டாளத்தின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். என்னை அலைக்கழித்தார்கள். சிப்பாய் எண் இல்லையா, உறவுச் சான்று இல்லையா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் பதில் வந்தது: காய்ச்சல் கண்டு, போர்முனை ஆஸ்பத்திரியில் மரணம்.

தம்பியும் நானும் இம்பால் போனோம். இந்துச் சிப்பாய்களை எரித்துவிட்டதால் தனிக் கல்லறை கிடையாது. சுவரில் பெயர் மட்டும். சீராக வெட்டிய புல், ஒழுங்கான பூச்செடிகள். தம்பி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. ஊர்பேர் தெரியாதவர்கள் இங்கே இவருக்காகப் புல் வெட்டுகிறார்கள், சொந்த ஊரில் இவர் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினார்கள் என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. பெயரைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

போடியில் இறங்கியதும் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். போனில் போட்டோவைக் காட்டி, "தாத்தா சண்டையில செத்திருக்காரு, சித்தப்பா. கல்லுல பேரு வெட்டியிருக்கு" என்றேன்.

அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. "சண்டையில எங்க செத்தாரு? காச்சல்ல ஆசுபத்திரியில கெடந்து செத்தவருக்கு என்ன பெரும வேண்டிக்கெடக்கு?" என்றார்.

ஆஸ்பத்திரி என்றோ காய்ச்சல் என்றோ நான் சொல்லவே இல்லை.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

திருடன் பிடிபட்டால் வருமே ஒரு கோபம், அது வந்தது. "எங்கப்பா சொன்னாரு. அப்பவே பட்டாளத்துலருந்து தாக்கல் வந்துச்சு. அன்னைக்குச் சொல்லியிருந்தா உங்க அப்பத்தா கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு பூர்வீக மலைக்காட்டுல பங்கு கேட்டு நின்னுருப்பா. ஓடிட்டாருன்னதும் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தா. என்னா கெட்டுப்போச்சு இப்ப?"

"நீங்கல்லாம் மனுசங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் மனைவி என்னை வெளியே போகச் சொன்னாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தது என் மடத்தனம். எண்பது வயதைத் தாண்டியவர், என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"காலம்பூரா செத்துப்போன மனுசன வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். எங்காத்தாளும் வஞ்சுக்கிட்டே செத்தா. இத எதுக்கு இப்பக் கொண்டாந்த? இந்தப் பாவத்த நான் எங்க போயித் தொலைக்க?"

ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

விஷயம் தெரிந்த பங்காளிகள் கூடி, இனிப் பெட்டியை என் தம்பி தூக்கட்டும் என்றார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டிய எவனும் தூக்கட்டும். எங்கய்யா ஓடல, நாங்கதான் பொய் சொன்னோம்னு அவன் கோயில் வாசல்ல நின்னு சொல்லணும். எங்காத்தா பேரச் சொல்லி மாப்புக் கேக்கணும்." சித்தப்பா மாட்டேன் என்றார். பங்காளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். நாங்கள் இப்போது சிவராத்திரி முடிந்த மறுநாள்தான் கோயிலுக்குப் போகிறோம்.

ஆடி அமாவாசைக்கு அப்பா சுருளிக்குப் போய் முதல்முறையாகத் தன் அப்பாவுக்குத் திதி கொடுத்தார். ஐயர் பெயர் கேட்டார். ஈரத் துண்டோடு இருந்த அப்பா, சண்டைக்கு நிற்பவரைப் போல உரக்கச் சொன்னார்.

போன தை மாதம் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். அவருடைய மகன் தாம்பாளத்தோடு பத்திரிகை வைக்க வந்தான். "பெரியப்பா, பழச மறந்துருங்க" என்றான். அப்பா நிலைப்படியைத் தாண்டி அவனை உள்ளே விடவில்லை.

"உங்கப்பன் இன்னும் சொல்லலையே அப்பு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவன் கொஞ்ச நேரம் வெளியே நின்றான். நான் போய்த் திறக்கவில்லை.