மேலே ஏறும் கோடு

சித்தப்பா, என்னை விமானியாக்கியது நீங்கள் என்று ஊரெல்லாம் சொல்வது பொய்.

நேற்று மழையில் ஓடுபாதை தெரியவில்லை. விமானம் இறங்கும் வழியைக் காட்டும் வரைபடத்தில் விட்டு விட்டுப் போட்ட, மேலே வளைந்து போகும் கோட்டைப் பார்த்ததும், இருபது வருடத்துக்கு முந்தைய முதலியார்பேட்டை வீடு நினைவுக்கு வந்தது. மீன் வாசம், ஈரச் சிமெண்டுத் தரை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த இதே மாதிரி வரைபடங்களைப் பரப்பி, அவற்றின் குறிகளை விளக்கும் ஆங்கிலத் தாளை அகராதி வைத்துப் படித்துச் சொன்னாள் என் தங்கை.

"அண்ணே, ரன்வே தெரியலன்னா இந்தக் கோட்டப் புடிச்சி மேல ஏறிடணும். முட்டிப் பாக்க அது என்னா உன் சைக்கிளா?"

அம்மா மீன் கழுவியபடி சிரித்தாள். "பைலட்டம்மா, மொதல்ல வெங்காயத்த உரி."

நேற்று அப்படியே ஏறி, சுற்றி வந்து, பத்திரமாக இறங்கினேன். நன்றி அவளுக்குத்தான்.

பத்தாவதோடு அவள் படிப்பை நிறுத்தியது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் காதுகுத்துக்கு வருவீர்களே, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: ஏன் நிறுத்தினீர்கள்?